தாம்பரத்துக் காற்றும் சேத்துப்பட்டு மாத்திரையும்

பீர்க்கன்கரணையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால், தாம்பரத்தைத் தாண்டியதும் சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரி முத்து 12 படுக்கைகளோடு இங்கே சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் இப்படியொரு மருத்துவமனையை நடத்தியவர் அவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றிருக்கிறார். தாம்பரம் மருத்துவமனையை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது.

அன்று காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இருமும்போது தெறிக்கும் நுண்துளிகள் அடைத்த அறையில் நெடுநேரம் மிதக்கும், திறந்த வெளியில் கலைந்துபோகும். ஆகவே ஊருக்கு வெளியே வைத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். சம்பாதிப்பவர் மாதக்கணக்கில் அங்கே படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

1952இல் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து வந்தது. அப்படியானால் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமா? 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் இதைச் சோதித்தது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மருத்துவமனை, மறுபாதிக்கு நெரிசலான சொந்த வீடு. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள். மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் கூடுதலாகக் கிடைத்தன. ஆனாலும் குணமானவர்களின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை.

வீட்டாருக்குத் தொற்றுமே என்ற பயமும் பொய்த்தது. நோய் தெரியவருவதற்கு முன்பே அவர்கள் அந்தக் கிருமியோடுதான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மருந்து தொடங்கியதும் தொற்றும் வேகம் சட்டென்று குறைந்துவிடுகிறது. ஐந்தாண்டுகள் கவனித்தும், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவதற்கு இந்த முடிவுகள் பெரிய காரணம்.

இந்த ஆய்வில் மாத்திரைக்கு நிகரான பெருமை வீடு வீடாகப் போனவர்களுக்கும் உண்டு என்பேன். ஐசோனியாசிடோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் (PAS) என்ற மருந்து வயிற்றைப் புரட்டும். இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிடத் தோன்றும்; ஒளிந்திருக்கும் கிருமி அப்போதுதான் மறுபடி பெருகும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாதச் சிகிச்சை போதும். ஆனால் இரண்டாவது மாதத்திலேயே உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும் ஒருவரை மீதி நான்கு மாதமும் விடாமல் சாப்பிடவைக்க, இப்போதும் சுகாதாரப் பணியாளர்தான் அவர் வீட்டுப் படியேற வேண்டியிருக்கிறது.