4,500 வயதுப் ‘புது’

தமிழ்நாட்டில் புதூர்களுக்குப் பஞ்சமா? வெறுமனே ‘புதூர்’ என்றால், ‘எந்தப் புதூர்?’ என்றுதான் கேட்பார்கள். அதனால்தான் போலும், திருச்சி எடமலைப்பட்டி புதூர் தன் இனிஷியலையும் சேர்த்துக்கொண்டு ‘எ.புதூர்’ என்று வழங்குகிறது.

புது ஊர், புதூர். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பீர்கள். வேடிக்கையே அந்தப் ‘புது’வில்தான்!

ஓசூர் வரை போய் வருவோம். கன்னடத்தில் ‘ஹொச’ என்றால் புதிய. ‘ஊரு’ என்றால் ஊர். ஆக, ஓசூரும் ஒரு புதூரே! பழைய கன்னடத்தில் அது ‘பொச’. துளு பேசுகிறவர்கள் இன்றும் ‘பொச’ என்றே சொல்கிறார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னடச் சொற்களின் முதலில் நின்ற ‘ப’, ‘ஹ’வாக மாறத் தொடங்கியது. நம் பால் அங்கே ஹாலு, பத்து, ஹத்து, புலி, ஹுலி. ‘பு’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஹொ’ வந்ததும் தற்செயல் அல்ல. நம் புகைக்கு அவர்கள் ‘ஹொகெ’ என்கிறார்கள். காதுக்கு ஒன்றுபோல் ஒலித்தால் மட்டும் உறவாகிவிடாது; இப்படி ஒரே மாதிரி மாற்றம் பல சொற்களில் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

உறவுக்காரர்கள் இன்னும் தொலைவிலும் உண்டு. ஒடிஷா மலைகளின் கூயி மொழியில் ‘பூனி’. சோட்டா நாகபுரியின் குருக் மொழியில் ‘புனா’. பர்ரோவும் எமனோவும் தொகுத்து 1961-ல் வெளியான திராவிடச் சொற்பிறப்பு அகராதி, இத்தகைய சொற்களைக் குடும்பம் குடும்பமாகத் திரட்டி வைத்திருக்கிறது. இவற்றை ஒப்பிட்டுப் பார்த்து மூலச் சொல்லை ஊகிக்கிறார்கள் அறிஞர்கள். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும் போடுவார்கள். ‘இதை எழுத்தில் கண்டவர் எவருமில்லை’ என்று அதற்குப் பொருள்.

“அந்த மூலம் தமிழ்தானே?” என்று மார்தட்டத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். தமிழும் அந்தத் தாயின் மகள்களில் ஒருத்தி. எழுத்தில் முதலில் நமக்குக் கிடைத்தவள். பெருமைக்கு அதுவே போதாதா? தாய்மொழி கிளை பிரியத் தொடங்கியது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் என்று 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது.

எல்லாரிலும் தனித்து நிற்பது பலூசிஸ்தானத்துப் பிராகுயி. சுற்றிலும் பலூச்சி பேசுகிறவர்கள். சொற்களில் பெரும்பகுதி இரவல். எண்ணிக்கையில்கூட அசிட், இரட், முசிட் என மூன்று வரைதான் சொந்தம், நான்கிலிருந்து கடன். அந்தப் பிராகுயிக்காரர் புதியதைப் ‘பூஸ்குன்’ என்கிறார்.