பாண்டிச்சேரியில் ராமென் கிடைக்கிறது... ராகூ எங்கே?

சனிக்கிழமை மதியம் 1 மணிக்கு பாண்டிச்சேரி ஒயிட் டவுனுக்குள் நுழைந்து பாருங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீல நிறத் தெருப் பலகை. அதன் முன்னால் போட்டோ எடுக்க ஒரு க்யூ. பக்கத்திலேயே ஒரு கஃபே, அதன் வாசலில் இன்னொரு க்யூ.

போன மாதம் அப்படி ஒரு க்யூவில் பேரைக் கொடுத்துவிட்டு 40 நிமிஷம் நின்றோம். ஒருவழியாக டேபிள் கிடைத்தது. மெனு கார்டைத் திறந்தால் ராமென், கொரியன் க்ரீம் சீஸ் பன், பீட்சா, நாலு வகை பாஸ்தா, பர்கர், பிஸ்காஃப் சீஸ்கேக். எல்லாம் நமக்குப் பிடித்ததுதான், பொய் சொல்லவில்லை. ஆனால், இதே கார்டை சென்னை நுங்கம்பாக்கத்திலோ, பெங்களூரு கோரமங்களாவிலோ கொண்டுபோய் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆர்டர் எடுக்க வந்த தம்பியிடம், "பாண்டிச்சேரி ஐட்டம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் எங்க பெரியம்மா வீட்லதான் அக்கா கிடைக்கும்!"

அவர் ஜோக்காகத்தான் சொன்னார். ஆனால், பாண்டியின் இன்றைய ரெஸ்டாரன்ட் நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சுவர், விளக்கு, நாற்காலி என்று இடம் முழுக்க பாண்டி. தட்டில் மட்டும் பாண்டி இல்லை.

பாண்டிக்குன்னு தனி சமையல் இருக்கா என்ன?

இருக்கிறது. அதுவும் செம சுவாரஸ்யமான சமையல். 'க்ரியோல்' என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்களும் தமிழர்களும் தலைமுறை தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழ்ந்ததால் வந்தது. பிரெஞ்சு ரெசிப்பி தமிழ் அம்மிக்கு வந்தால் என்ன ஆகும்? அதுதான் இது. மட்டனை மெதுவாக வேகவிட்டுச் செய்யும் ராகூ, பிரெஞ்சுப் பெயர் கொண்ட குழம்பு. ஆனால், உள்ளே பட்டை, கிராம்பு, இஞ்சி, பூண்டு எல்லாம் உண்டு. பூண்டும் வினிகரும் போட்ட விந்தாய், கோவாவின் விந்தாலுவுக்குச் சொந்தக்காரர். ஆனால், அவ்வளவு காரமில்லை. பிரான்ஸின் மார்சே நகரத்து மீன் சூப்பான புய்யாபேஸில் குங்குமப்பூ போடுவார்கள். பாண்டி வீடுகளில் அந்த இடத்தில் மஞ்சள்தூள். கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக். மைதாவுக்குப் பதில் ரவை, கூடவே ரம்மில் ஊறிய உலர்பழங்கள்.

இதைவிட ஒரு ஆச்சர்யம் இருக்கிறது. வெளிநாட்டு செஃப்கள் கொண்டாடும் 'வாதுவான்' என்ற மசாலா பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிரெஞ்சு கரி மசாலா என்று சொல்லி விற்கிறார்கள். வேறொன்றும் இல்லை, நம்ம வடகம்தான்! சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, மொட்டை மாடியில் நாள்கணக்கில் காயவைப்பார்களே... அந்தத் தாளிப்பு வடகம் பாண்டியிலிருந்து கப்பல் ஏறி, பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. உங்கள் பாட்டி கடலூரிலோ தஞ்சாவூரிலோ வத்தக்குழம்புக்குக் கிள்ளிப்போடுகிற அதே சமாச்சாரம்.

வியட்நாமும் இதில் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை பாண்டியில் 'சொல்தா' என்பார்கள். அவர்களில் பலர் அன்றைய இந்தோசீனாவில் வேலை பார்த்தவர்கள். சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டும் திரும்பினார்கள். அவர்களோடு சேர்ந்து வந்ததுதான் 'நெம்' என்கிற வியட்நாம் ரோல். ஆக, ஏஷியன் ஃபுட் இந்த ஊருக்கு ட்ரெண்டாக வந்தது அல்ல. இன்ஸ்டாகிராமுக்கு ரொம்ப முன்னாலேயே வீட்டு அடுப்பில் பொரிந்துகொண்டிருந்தது.

அப்புறம் ஏன் மெனுவில் இல்லை?

பழி முழுவதையும் கஃபே ஓனர்கள் தலையில் போட்டுவிடலாம். சுலபம். ஆனால் அது நியாயமில்லை.

முதல் காரணம் கணக்கு. பாண்டியின் சுற்றுலா பெரும்பாலும் வீக்எண்ட் சுற்றுலா. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாக சுமார் 150 கிலோமீட்டர், மூணு மணி நேர டிரைவ். வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டம் இறங்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடும். வாடகையும் சம்பளமும் ஏழு நாளைக்கு, வியாபாரம் இரண்டரை நாளைக்கு. அந்த இரண்டரை நாளில் ஒரு டேபிளில் எத்தனை முறை ஆள் மாற்றி உட்காரவைக்க முடிகிறதோ, அதுதான் லாபம். பாஸ்தாவுக்கு சாஸ் ரெடி. ஆர்டர் வந்ததும் கால் மணி நேரத்தில் தட்டில் இருக்கும். ராகூ அப்படியல்ல, காலையிலேயே அடுப்பில் ஏற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை பத்து பிளேட் செய்து, இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டால் மீதி எட்டு பிளேட்டை என்ன செய்வது?

இரண்டாவது, கை. இந்தச் சமையல் கேட்டரிங் காலேஜ் சிலபஸில் வளர்ந்ததல்ல, வீட்டுப் பெண்கள் கையில் வளர்ந்தது. அந்த வீடுகளில் பாதி இப்போது இங்கே இல்லை. 1954 நவம்பர் 1-ல் பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அப்போது வாய்ப்பு தரப்பட்டது. அந்தக் குடும்பங்களில் பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்ஸில் செட்டில். சமையல் குறிப்பும் அவர்களோடு பெட்டியில் போய்விட்டது. எழுதி வைத்தவர்கள் குறைவு. லூர்து திருவாஞ்சியம் லூயி ஆங்கிலத்தில் எழுதிய 'தி பாண்டிச்சேரி கிச்சன்' மாதிரி சில புத்தகங்கள் இருப்பதே பெரிய விஷயம்.

மூன்றாவது காரணம், கோபித்துக்கொள்ளாதீர்கள், நாம்தான். 'பிரெஞ்சு ஊர்' என்று முடிவு செய்துகொண்டு போகிறோம். க்ராய்சான்ட் இருந்தால் பிரெஞ்சு. மஞ்சள்தூள் போட்ட மீன் சூப் வந்தால், "என்னங்க இது, நம்ம வீட்டுக் குழம்பு மாதிரி இருக்கு" என்று முகம் சுளிக்கிறோம். அதோடு, ராகூ போட்டோவுக்கு நன்றாக இருக்காது. பழுப்பு நிறத்தில் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். சீஸ் இழுபடும் பீட்சாவோடு ரீல்ஸில் அது போட்டிபோட முடியுமா?

கஃபே தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒயிட் டவுனில் பூட்டிக் கிடந்து இடியக் காத்திருந்த பழைய வீடுகள் சிலவற்றுக்குக் கூரையும் சுண்ணாம்பும் திரும்பக் கிடைத்தது ஹோட்டலும் ரெஸ்டாரன்ட்டும் வந்த பிறகுதான். உள்ளூர் பசங்களுக்கு வேலையும் கிடைக்கிறது. மெல்லிய விறகடுப்பு பீட்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நேற்று வந்த ஃபேஷன் இல்லை. 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் பல நாட்டுக்காரர்கள் குடியேறி, ரொட்டியும் சீஸும் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். அந்தக் கைப்பழக்கம் மெல்ல ஊருக்குள்ளும் பரவியது. அந்த பீட்சாவை பாண்டி ஐட்டம் என்றே நான் ஒப்புக்கொள்வேன். கொரியன் பன்னைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. பாண்டியில் பிறந்து வளர்ந்த என் தோழி ஒருத்தி, சனி, ஞாயிறில் ஒயிட் டவுன் பக்கமே போவதில்லை. "வண்டி நிறுத்த இடமில்லை, உட்கார இடமில்லை, ரெண்டு பேர் காபி குடிச்சா எங்க வீட்டு ஒரு நாள் மார்க்கெட் செலவு. அது உங்க ஊரு, எங்க ஊரு இல்ல" என்றாள். அவளும் வீட்டில் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடுவது வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில்.

பில்லை ஒருமுறை பாருங்கள்

ஒயிட் டவுன் ரெஸ்டாரன்ட்கள் பலவும் ஹோட்டல்களுக்குள் இருப்பதால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தனி ரெஸ்டாரன்ட் என்றால் ஜி.எஸ்.டி 5%. ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 18%. அதே பாஸ்தா, பக்கத்துக் கட்டடத்துக்குப் போனால் வரி மட்டும் மூன்று மடங்குக்கும் மேல்! மது ஜி.எஸ்.டி-க்குள் வராது, அதற்குத் தனி வரி. சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒன்று போட்டிருந்தால், அது வரி அல்ல. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால், நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, பாண்டி சாப்பாட்டை எங்கே தேடுவது?

முதலில், வார நாளில் போங்கள். சமையலறைக்கு மூச்சுவிட நேரம் இருக்கும்போதுதான் நீங்கள் கேட்பது காதில் விழும். தங்கும் இடம் புக் பண்ணும்போதே, "க்ரியோல் சாப்பாடு செய்வீங்களா?" என்று போனில் கேளுங்கள். பழைய குடும்பங்கள் நடத்தும் கெஸ்ட் ஹவுஸ் என்றால், முந்தின நாள் சொன்னால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு என்ன மீன் கிடைக்கிறதோ அதுதான் மெனு, சாய்ஸ் எல்லாம் கேட்கக் கூடாது. டிசம்பரில் போனால் பேக்கரிகளில் விவிக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

காலையில் கூபேர் மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று. பிறகு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ். யான் மார்டெல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் வரும் அதே இடம்தான். டிபன், காபி, மின்விசிறி, அவ்வளவே. சாயங்காலம் 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகள் ஓடாது. ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடு நடக்க வருவது அப்போதுதான்.

கிளம்பும்போது பில் கொடுக்க வந்த அந்தத் தம்பியிடம் விளையாட்டாக, "உங்க பெரியம்மா ஆர்டர் எடுப்பாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா, நாலு பேராவது வரணும் அக்கா. ஒரு ஆளுக்கெல்லாம் அவங்க அடுப்பு பத்தவைக்க மாட்டாங்க" என்று சொல்லி, அவர் நம்பரை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை, நாங்கள் ஐந்து பேர் போகிறோம்.