கடற்காற்றும் அடிநாதமும்

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. மனிதச் செவி ஒலியென உணரும் எல்லை 20 அதிர்வுகளில் தொடங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், செவியின் கீழ் எல்லைக்கு எவ்வளவு அருகில் நின்று இக்கருவி இசைக்கிறது என்பது விளங்கும். 1976-இல் ‘அன்னக்கிளி’யுடன் தொடங்கிய இளையராஜாவின் இசைப் பயணத்தில் இந்த அடிநாதம் தாளத்துக்குத் துணையாக மட்டும் நில்லாமல், தானே ஒரு மெட்டாக நடை பயின்றது. சசிதரன், கீத் பீட்டர்ஸ் போன்ற சென்னைக் கலைஞர்களின் விரல்களில் அது தமிழ்ச் செவிக்கு உறவாயிற்று.

இக்கருவியின் பரவலாக விற்பனையான முதல் வடிவத்தை அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளிக்கொணர்ந்தார். அதற்குப் பிரிசிஷன் பேஸ் என்று பெயர். 1960-இல் ஜாஸ் பேஸ் வந்தது. சென்னையின் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இளைஞர்கள் தோளில் மாட்டியிருக்கும் கருவிகளுள் பல, இவ்விரண்டின் பழைய அமைப்பை அப்படியே பின்பற்றியவை. அந்த அமைப்பின் பெருஞ்சிறப்பு ஒன்றுண்டு: ஏறக்குறைய ஒவ்வொரு பிழைக்கும் அதில் ஒரு திருகு இருக்கிறது. கம்பியின் உயரம், நீளம், கழுத்தின் வளைவு, சுருதி ஆகிய யாவும் திருகால் திருத்தத்தக்கவை. சென்னையின் காற்று முதலில் தாக்குவதும் அந்தத் திருகுகளைத்தான். ஆகவே இந்நகரில் பேஸ் கிட்டாரைப் பழுதுபார்ப்பது, முதற்கண் இந்நகரின் காற்றை அறிவதாகும்.

சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரையுள்ள கரையோரத்தில் அலை உடையும்போது எழும் நுண்துளிகள் உப்பைச் சுமந்து உள்ளே வருகின்றன. உலர்ந்த உப்பு இரும்புக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும், சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். சென்னையின் பல இரவுகளில் ஈரப்பதம் அந்த எல்லையைக் கடக்கிறது. அப்போது ஒவ்வொரு திருகின் மீதும் மின்னைக் கடத்தும் உப்புநீர்ப் படலம் ஒன்று உருவாகிறது. எஃகின் மேலுள்ள நிக்கல் பூச்சில் சிறு கீறல் இருந்தாலும், நிக்கல் பிழைத்து இரும்பு கரையும். அரிமானத்தில் இரும்பே எளிதில் தன்னை இழக்கும் உலோகம் என்பதே காரணம். மேலே பளபளப்பு இருக்க, உள்ளே மரை பற்றிக்கொள்வது இப்படித்தான்.

குளிரூட்டிய அறை இந்த அரிமானத்துக்கு மற்றொரு வழியில் துணைபோகிறது. வெப்பமும் புழுக்கமும் மிக்க நாள்களில் சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 25 பாகை செல்சியஸைத் தொடுகிறது. தியாகராய நகரின் பயிற்சி அறையில் 22 பாகைக்குக் குளிர்ந்த கருவியைத் தெருவில் உடனே திறந்தால், கம்பிகளின் மீது பனித்துளி படியும். உறைக்குள் வைத்தே அதை வெளிவெப்பத்துக்குப் பழகவிட வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளையும், அவற்றை உடலின் மேல் தாங்கும் ‘குதிரை’ எனும் பாலத்தையும் துடைக்க வேண்டும். வியர்வையும் உப்புநீரே.

குதிரையின் மேல் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு உருளையில், உயரத்தை மாற்றும் இரு நுண்திருகுகள் உள்ளன. துருவேறி இறுகுவதில் இவையே முதலிடம் பெறும். இறுகியதை வலுவாகத் திருகினால் ஆலன் சாவி நுழையும் அறுகோணக் குழி தேய்ந்து வட்டமாகிவிடும்; பின்னர் எந்தச் சாவியும் அதைப் பற்றாது. கம்பியைத் தளர்த்தி உருளையைக் கழற்றி, ஊடுருவும் எண்ணெய் ஒரு துளி இட்டு ஓர் இரவு விட வேண்டும். அப்படியும் அசையாவிட்டால், சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகின் தலையில் சிறிது நேரம் வைக்கலாம். சூட்டில் திருகு விரிந்து, ஆறும்போது சுருங்கும். அந்த அசைவில் துருவின் பிடி உடையும். அதன்பின் சரியான அளவுள்ள, முனை மழுங்காத சாவியை முழுவதும் உட்செலுத்தி, முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அசைத்து, பிறகு தளர்த்தும் திசையில் திருக வேண்டும்.

அடுத்து, கழுத்து. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ எடைக்கு நிகரான விசையால் அதை ஓயாது இழுக்கின்றன. அதை எதிர்க்கவே மரத்தினுள் ட்ரஸ் ராட் எனும் எஃகுத் தண்டு வைக்கப்பட்டுள்ளது. மரம் ஈரத்தை உண்டு குறுக்குவாட்டில் உப்பும். நீள்வாட்டில் மிகக் குறைவாகவே மாறும். மேப்பிள் கழுத்தும் அதன்மேல் ஒட்டிய ரோஸ்வுட் பலகையும் ஈரத்தை ஒரே அளவில் ஏற்பதில்லை என்பதால், வடகிழக்குப் பருவமழையில் கழுத்தின் வளைவு மாறுகிறது. கழுத்தின் குறுக்கே பதிந்த மெட்டுகளுள் (ஃப்ரெட்) முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாம் மெட்டருகே இடைவெளியை நோக்குக. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு அது. கூடினால் தண்டை இறுக்கவும் குறைந்தால் தளர்த்தவும் வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் ஆகாது. பழைய அமைப்பில் அந்தத் திருகு கழுத்தின் அடியில் உடலுக்குள் மறைந்திருக்கும். கம்பிகளைத் தளர்த்திக் கழுத்தை விலக்கித்தான் தொட முடியும். திருத்தியபின் மரம் அமைதியுற ஒரு நாள் தருவது நன்று.

கழுத்தும் கம்பியின் உயரமும் சரியான பின்னரே சுருதிப் பிழையை ஆராய வேண்டும். கம்பியை மெட்டில் அழுத்தும்போது அது சற்றே நீண்டு, இழுவிசை கூடி, சுரம் உயர்கிறது. தடித்த கம்பியில் அதன் விறைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே 34 அங்குலம் என்ற வழக்கமான கம்பி நீளம் எல்லாக் கம்பிகளுக்கும் ஒன்றாக இருக்க இயலாது. பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி எழும் சுரத்தையும், அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் இழைச்சுரத்தையும் ஒப்பிடுக. அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் உருளையைப் பின்னே நகர்த்திக் கம்பியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். மயிலாப்பூருக்கு நன்கு பழக்கமான வீணை இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. அங்கே 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகில் பதிந்துள்ளன. மேளம் கட்டும் கைவினைஞர் ஒவ்வொரு மெட்டையும் செவியால் தேர்ந்து அமைக்கிறார். வீணையில் மெட்டு நகர்கிறது. பேஸ் கிட்டாரில் உருளை நகர்கிறது. இரண்டுக்கும் அடிப்படையான இயற்பியல் ஒன்றே.

கருவி சுருதியில் நில்லாவிட்டால் பலரும் முறுக்காணியை மாற்ற முனைவர். அதற்குமுன், திருகுப்பல்லும் பற்சக்கரமும் இணையும் இடத்திலுள்ள சிறு தளர்வை நினைக்க வேண்டும். சுருதியை மேலிருந்து கீழே இறக்கி நிறுத்தினால் அந்தத் தளர்வு பின்னர் இடங்கொடுத்துக் கம்பி நெகிழும். எப்போதும் கீழிருந்து ஏற்றி நிறுத்துவதே முறை. முறுக்காணியின் திருகு மரத்தில் ஆடினால், தேய்ந்த துளையைக் கடினமரத் துண்டும் பசையும் இட்டு அடைத்து மீண்டும் துளையிட வேண்டும். தோள்வார்க் குமிழுக்கும் இதுவே மருந்து.

இனி மின்சாரம். பிக்கப் என்பது காந்தத்தைச் சூழ்ந்த செப்புக்கம்பிச் சுருள். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அதன் உயிர். அது கம்பியின் அதிர்வை ஏற்பதுபோலவே சுவரிலுள்ள மின்தடங்களின் காந்தப்புலத்தையும் ஏற்கிறது. இந்தியாவில் அதன் அதிர்வெண் 50. தடித்த கம்பியின் மூன்றாம் மெட்டில் எழும் ஜி சுரமோ 49. இரண்டும் சேரும்போது நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை ஒலி விம்மித் தணியும். மிக மெல்லிய கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 98. மின்இரைச்சலின் இரண்டாம் மடங்கு 100. அங்கு விம்மல் நொடிக்கு இருமுறை. 60 அதிர்வெண் கொண்ட அமெரிக்க மின்சாரத்தில் இந்த நெருக்கம் நேர்வதில்லை. ஜி சுரத்தில் மட்டும் ஒலி அலைபாய்ந்தால் கம்பியைக் குறைகூறுமுன் இதைச் சோதிக்க வேண்டும்.

1957-இல் பிரிசிஷன் பேஸின் சுருள் இரு கூறுகளாக, எதிரெதிர்ச் சுற்றும் எதிரெதிர்க் காந்த முனையும் கொண்டு அமைந்தது. இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, இசை நிலைத்தது. ஜாஸ் பேஸில் இரு பிக்கப்களும் சம அளவில் இருக்கும்போதுதான் இந்த நன்மை கிட்டும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்பும். அது பழுதன்று, இயல்பு.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் நிலத்தொடர்பு நன்று, இரைச்சலைத் தடுக்கும் மறைப்புத்தான் போதாது. உட்குழிவில் செப்புத்தகடு ஒட்டி நிலத்தொடர்புடன் இணைக்கலாம். தொட்டும் சிறிதும் மாறாவிட்டால், குதிரையின் அடியில் செல்லும் நிலத்தொடர்புக் கம்பி அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒலியளவுக் குமிழைத் திருகும்போது கரகரத்தால், அதன் அடியிலுள்ள ‘பாட்’ எனும் மாறுதடையின் கார்பன் தடத்தில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை சுழற்றினால் பெரும்பாலும் தீரும். தேய்ந்தே போயிருந்தால் 250 கிலோ ஓம் பாட் ஒன்றை ரிச்சி தெருவில் தேடி மாற்றிப் பற்றவைக்கலாம். ஒன்றை மட்டும் மறத்தல் ஆகாது: கருவியின் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகக் கூட்டுடன் இணைந்துள்ளன. பழைய வீடுகளில் எர்த் செயலற்றிருப்பதுண்டு. பிளக்கின் மூன்றாம் முனையான எர்த்தைத் துண்டித்து இரைச்சலைப் போக்குவது, வாசிப்பவரின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

கழுத்து, உயரம், நீளம், மின்சுற்று: இந்த வரிசையில் அளந்து ஆராய்ந்தால், புதிய பாகம் வாங்கவேண்டிய தேவை பெரிதும் குறையும். வரிசை பிறழ்ந்தால் சரியாக இருந்ததும் கெடும். இசை கற்பிக்கும் ஒவ்வொரு பள்ளியும் மாணவர் கையில் கம்பியுடன் ஆலன் சாவியையும் அளவுத் தகட்டையும் தர வேண்டும். சுரம் ஏன் பிறழ்ந்தது என்று அறிந்தவரே அதைச் சீராக்க வல்லவர். அந்த அறிவு கைவரப்பெற்றால், உப்பும் புழுக்கமும் நிறைந்த இந்நகரிலும் ஒரு நல்ல கருவி தலைமுறை கடந்து இசைக்கும்.