பிரதமரின் நோய்ப்படுக்கையும் அரசமைப்பின் மௌனமும்

குடியரசுத் தலைவர் நோய்வாய்ப்படக்கூடும் என்பதை இந்திய அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பிரதமர் நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. குடியரசுத் தலைவர் நோயாலோ வெளிநாட்டுப் பயணத்தாலோ கடமையாற்ற இயலாதபோது துணைத் தலைவர் அப்பொறுப்பைக் கவனிப்பார் என்று 65ஆம் பிரிவு கூறுகிறது. 1961இல் இராஜேந்திர பிரசாத் கடும் நோயுற்றபோது ராதாகிருஷ்ணன் மாதக்கணக்கில் அவர் பணியைப் பார்த்தது இதன்படியே. பிரதமரைப் பற்றிய 74, 75ஆம் பிரிவுகளோ, அமைச்சரவைக்குத் தலைவராக ஒரு பிரதமர் இருப்பார், அவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்ற அளவில் நின்றுவிடுகின்றன. துணைப் பிரதமர் என்ற பதவிகூட அரசமைப்பில் இல்லாத, மரியாதைக்காகத் தரப்படும் பட்டம்தான்.

இந்த வெற்றிடம் 1964 ஜனவரித் தொடக்கத்தில் கண்முன் வந்து நின்றது. புவனேசுவரத்தில் காமராஜர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்துகொண்டிருந்தபோது, எழுபத்து நான்கு வயதான ஜவஹர்லால் நேருவுக்குப் பக்கவாதம் கண்டது. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் உடலின் ஒரு பக்கம் செயலிழக்கும் அந்நோய் அவருடைய இடப்பக்கத்தைத் தாக்கியது. பிரதமரின் அன்றாட வேலைகளை உள்துறை அமைச்சர் குல்சாரிலால் நந்தாவும் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் பகிர்ந்து கவனித்தார்கள். அதே மாதத்தில் லால் பகதூர் சாஸ்திரி, எந்தத் துறையும் ஒதுக்கப்படாத ‘இலாகா இல்லாத அமைச்சர்’ என்ற பெயரில் மீண்டும் அமைச்சரவைக்குள் வந்தார். துறை எதுவும் இல்லாதவர் பிரதமரின் மேசைக்கு வரும் கோப்புகளையே பார்க்கத் தொடங்கியதில் பலரும் ஒரு குறிப்பை உணர்ந்தார்கள். ஆனால் அது வாய்விட்டுச் சொல்லப்படாத குறிப்பாகவே கடைசிவரை இருந்தது.

சாஸ்திரி ‘மீண்டும்’ வரவேண்டியிருந்ததற்குக் காரணம், 1963 ஆகஸ்டில் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட காமராஜர் திட்டம். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அத்திட்டத்தின்படி மத்திய அமைச்சர்கள் ஆறு பேரும் முதலமைச்சர்கள் ஆறு பேரும் விலகினார்கள். காமராஜரும் அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் சென்னையின் முதலமைச்சர் பதவியைத் துறந்தார். விலகிய மத்திய அமைச்சர்களில் பம்பாயோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் இருவர். ஒருவர், 1952 முதல் 1956 வரை அன்றைய பம்பாய் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவரும், மதுவிலக்கில் விட்டுக்கொடுக்காதவர் என்று பெயர் பெற்றவருமான மொரார்ஜி தேசாய். மற்றவர், பம்பாய் நகரக் காங்கிரசை நீண்ட காலம் தம் பிடியில் வைத்திருந்த எஸ்.கே. பாட்டீல். நேருவுக்குப் பின் தமக்கே உரிமை என்று கருதிய தேசாய், தம்மை ஒதுக்குவதற்காகவே அத்திட்டம் வகுக்கப்பட்டது என்று நம்பினார். அவருடைய ஐயம் முற்றும் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. பாட்டீலோ, காமராஜர், சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ் ஆகியோரைக் கொண்ட, பத்திரிகைகள் ‘சிண்டிகேட்’ என்று பெயரிட்ட மாநிலத் தலைவர்களின் குழுவில் இடம்பெற்றார். ஆகவே பம்பாயின் தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருந்த தமிழருக்கு அந்த ஆண்டின் அரசியல் தொலைவில் நடந்த ஒன்றல்ல. முடிவு செய்யும் இடத்தில் இருந்த காமராஜர் அவர்களில் பலருடைய தென்மாவட்டங்களிலிருந்து சென்றவர், விலக்கப்பட்ட தேசாய் அவர்கள் வாழ்ந்த நகரத்தை ஆண்டவர்.

1964 மே நடுவில் அகில இந்தியக் காங்கிரஸ் குழு பம்பாயில் கூடியபோது நேரு அதில் கலந்துகொண்டார். மே 22இல் தில்லியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், வாரிசைப் பற்றிய கேள்விக்கு, தம் வாழ்நாள் அவ்வளவு விரைவில் முடிந்துவிடப் போவதில்லை என்ற பொருளில் விடையளித்தார். ஐந்து நாள் கழித்து, மே 27ஆம் நாள் பிற்பகலில், இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனி வெடித்ததால் உயிர் நீத்தார்.

அன்றே குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன், அமைச்சரவையில் அடுத்த நிலையில் இருந்த நந்தாவுக்குப் பிரதமராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். இது சட்டம் வகுத்த வழியன்று, அன்றைக்கு உண்டாக்கிய வழி. நந்தாவை ‘தற்காலிகப் பிரதமர்’ என்று வழங்குவது பேச்சு வழக்கே. சட்டத்தின் பார்வையில் அவர் முழுப் பிரதமர்தான், கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் விலகிக்கொள்வார் என்பது மட்டுமே புரிதல். தேர்வு செய்யும் பொறுப்பு காமராஜரிடம் வந்தது. வாக்கெடுப்பு நடத்தினால் கட்சி பிளவுபடும் என்று கருதிய அவர், முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் கலந்து பேசி, யாருக்கு எதிர்ப்பு குறைவு என்று கணித்தார். ‘கருத்தொற்றுமை’ என்று அழைக்கப்பட்ட முறை இதுவே. எண்ணிக்கை வெளியிடப்படாத தேர்தல் என்று அதைச் சொன்னாலும் பிழையில்லை. ஜூன் 2ஆம் நாள் நந்தா முன்மொழிய, தேசாயே வழிமொழிய, சாஸ்திரி ஒருமனதாகத் தலைவரானார். ஜூன் 9இல் பதவியேற்றார். அதே மாதம் அவருக்கே மாரடைப்பு வந்தது என்பது, ஒரு விடை கிடைத்ததும் கேள்வி தீர்ந்துவிடவில்லை என்பதைக் காட்டியது. 1966 ஜனவரி 11இல் தாஷ்கண்டில் அவர் மறைந்ததும் நந்தா மறுபடியும் பிரதமரானார். இம்முறை தேசாய் விட்டுக்கொடுக்கவில்லை. வாக்கெடுப்பில் இந்திரா காந்திக்கு 355, அவருக்கு 169.

நேருவின் நோயாவது நாடறிந்ததாக இருந்தது. பம்பாயின் மருத்துவர் ஒருவர் எடுத்த எக்ஸ்ரே படம் முகமது அலி ஜின்னாவின் காசநோயைக் காட்டியிருந்தும், நாட்டுப் பிரிவினைப் பேச்சுகள் நடந்த காலம் முழுவதும் அது வெளியே கசியவில்லை. பிரிட்டனில் 1953 ஜூனில் சர்ச்சிலுக்கு வந்த பக்கவாதத்தையும் அப்போது மக்களுக்குத் தெரிவிக்கவில்லை. அமெரிக்காவோ, அதிபர் செயலிழந்தால் அதிகாரம் யாரிடம், யார் சொல்லிப் போகும் என்பதை 1967இல் அரசமைப்பின் 25ஆம் திருத்தமாக எழுதி வைத்துக்கொண்டது.

இந்திய மாநிலங்களின் நிலையும் மத்திய அரசின் நிலை போன்றதே. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். நோயுற்று, பின்னர் நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்றபோது, அமைச்சர் நெடுஞ்செழியன் அரசுப் பணிகளைக் கவனிக்க, எம்.ஜி.ஆரே முதல்வராக நீடித்தார். 2016 செப்டம்பர் 22இல் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது தமிழகத்துக்கென்று தனி ஆளுநர் இல்லை. மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் கூடுதலாக அப்பொறுப்பையும் வகித்தார். அக்டோபர் 11இல் 166(3) பிரிவின்படி, முதல்வரின் ஆலோசனையின் பேரில் அவருடைய துறைகள் அமைச்சர் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. அலுவல் பகிர்வு விதிகளுக்கான அப்பிரிவு நோயைப் பற்றியது அன்று. கைக்கு எட்டியது அது ஒன்றுதான். டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்து, அடுத்த பிப்ரவரியில் கட்சியின் சட்டமன்றத் தலைவராக சசிகலா தேர்ந்தெடுக்கப்பட்டபின், பதவிப் பிரமாணம் எப்போது என்று சென்னை காத்திருந்த நாட்களில் ஆளுநர் மும்பையில் இருந்தார். செம்பூரிலும் தாராவியிலும் தமிழ்ச் செய்திச் சேனல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அவை கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர், தங்கள் நகரத்திலேயே மலபார் ஹில் ராஜ்பவனில் இருந்தார். பிப்ரவரி 9இல்தான் அவர் சென்னைக்குப் புறப்பட்டார்.