நோயாளியின் இரகசியம் யாருக்குச் சொந்தம்?

காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய செய்தி வெளியே தெரிந்தால் யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபடச் சிகிச்சை பெறும் செய்தி வெளிப்பட்டால்? வேலை போகலாம், மணவிலக்கு வழக்கில் குழந்தைகளைப் பிரிய நேரலாம். மேலும், அமெரிக்காவில் ஹெராயின் வைத்திருப்பதே குற்றம். எனவே மருத்துவர் கேட்டு எழுதும் நோய்க்குறிப்பு, குற்ற ஒப்புதலாகவும் ஆகிவிடுகிறது.

சிறு குப்பியிலுள்ள வெந்நீரில் பெரிய வெப்பமானியை இட்டால், அது வெப்பத்தைக் கவர்ந்து, அளக்க வந்த வெப்பநிலையையே குறைத்துவிடும் அல்லவா? பதிவேடும் அப்படித்தான். அது போலீசார் கைக்குப் போகும் என்று அஞ்சும் நோயாளி உண்மையை மறைப்பார். அல்லது சிகிச்சைக்கே வரமாட்டார்.

இதைத் தடுக்க அமெரிக்கப் பாராளுமன்றம் 1972இல் போதைமருந்துச் சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. குடிநோய்ச் சிகிச்சையையும் சேர்த்து 1975இல் விரிவான விதிகள் வந்தன. கூட்டரசு விதித்தொகுப்பின் 42ஆம் தலைப்பில் 2ஆம் பகுதியாக இருப்பதால், இவற்றை 'இரண்டாம் பகுதி' என்றே அழைப்பர்.

இசைவு என்பது என்ன?

'சரி' என்று வாயால் சொல்வது போதாது. எந்தச் செய்தியை, யார், யாருக்கு, எதற்காகத் தரலாம், இசைவு எதுவரை செல்லும் என்பவற்றை எழுதி நோயாளி கையொப்பமிட வேண்டும். பின்னர் அவர் அதைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. 'இன்னார் அங்கே சிகிச்சை பெறுகிறாரா?' என்று யாரேனும் தொலைபேசியில் கேட்டால், 'ஆம்' என்று சொல்வதுகூட விதிமீறலே. சாதாரணச் சோதனை ஆணையுடன் போலீசார் வந்தாலும் போதாது. இதற்கென்றே நீதிமன்றம் பிறப்பித்த தனி ஆணை வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலை, குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை பற்றிய அறிவிப்பு போன்ற சில விலக்குகளும் உண்டு.

பூட்டினால் வந்த சிக்கல்

ஹெராயின் பழக்கத்துக்கு மெதடோன் என்னும் மருந்தைக் கொடுப்பதுண்டு. அது மூச்சை மந்தப்படுத்தும். சிலவகைத் தூக்க மருந்துகளும் அவ்வாறே செய்யும். இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். நோயாளி மெதடோன் உண்பதை அறியாத வேறொரு மருத்துவர் தூக்க மருந்து எழுதினால் என்ன ஆகும்? காக்க வந்த இரகசியமே உயிருக்கு உலையாகலாம்.

ஆகவே 2020இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் புதிய விதிகள் வெளியாயின. சிகிச்சை, கட்டணம், மருத்துவ நிருவாகம் ஆகியவற்றுக்காக இனி வரப்போகும் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் ஒரே இசைவு போதும். முழுமையாகக் கடைப்பிடிக்க 2026 பிப்ரவரி 16 வரை கெடு தரப்பட்டது. ஆலோசகர் தனியே எழுதி வைக்கும் குறிப்புகளுக்கு மட்டும் தனி இசைவு வேண்டும்.

அப்படியானால் பூட்டு உடைந்துவிட்டதா? இல்லை. மருத்துவருக்குச் செல்லும் வழிதான் அகலமாயிற்று. நோயாளிக்கு எதிரான வழக்கில் இப்பதிவுகளைச் சான்றாகக் காட்ட, அவரது தனி இசைவோ நீதிமன்ற ஆணையோ இன்றும் தேவை.

ஒரே செய்தி மருத்துவரிடம் மருந்தாகிறது; வழக்கு மன்றத்தில் ஆயுதமாகிறது. எனவே செய்தி வெளியே போகலாமா என்று கேட்பது மட்டும் போதாது. அது எங்கே, எதற்காகப் போகிறது என்றும் கேட்கவேண்டும். அந்த விடையைச் சொல்லும் உரிமை நோயாளியிடம் இருக்கும்வரைதான் அவர் அஞ்சாமல் மருத்துவமனைப் படியேறுவார்.