எண் ஒன்று, அளவு வேறு

சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென அச்சங்கத்தில் டிராக்டர் ஒன்று உண்டு. அதன் இஞ்சினைப் பழுதுபார்த்த செலவுச் சீட்டுடன் நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. செலவு முழுவதையும் மெக்கானிக்கின் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அத்தீர்மானம். காட்டப்பட்ட காரணம், கவனக்குறைவு.

பிடித்தத்தைக் கணக்கில் ஏற்றுமுன் அவரை அழைத்து விசாரித்தோம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் புதிய கேஸ்கெட் வைத்து மூடியவர் அவரே. சில வாரங்களில் கேஸ்கெட் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, இஞ்சின் சூடேறி, வேலை மிகுந்த நாட்களில் வண்டி நின்றுவிட்டது. "ஐயா, புத்தகத்தில் 72 என்று போட்டிருந்தது. நானும் 72க்குத்தான் வைத்து முடுக்கினேன். ஒரு போல்ட்டைக்கூட விடவில்லை" என்றார் அவர்.

புத்தகத்தையும் சாவியையும் கொண்டுவரச் செய்தோம். அவர் கூறியது மெய்யே. புத்தகத்தில் 72 என்றுதான் இருந்தது. ஆனால் அவ்வெண்ணை அடுத்து 'பவுண்டு-அடி' என்று அச்சிடப்பட்டிருந்தது. சங்கம் அண்மையில் வாங்கிக் கொடுத்த 'டார்க் ரெஞ்ச்' என்னும் சாவியிலோ 'நியூட்டன்-மீட்டர்' ஒன்றே பொறிக்கப்பட்டிருந்தது. தவறு இவ்விரண்டிற்கும் இடையில் இருந்தது.

இவ்வளவுகள் யாவை என்பதைச் சிறிது விளக்குவோம். ஒரு நட்டைத் திருகும்போது இரண்டு செய்திகள் சேர்ந்து வேலை செய்கின்றன: கை கொடுக்கும் விசை ஒன்று, கைப்பிடியின் நீளம் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது முறுக்குவிசை. நட்டிலிருந்து ஓர் அடி தூரத்தில், கைப்பிடிக்குச் செங்குத்தாக, ஒரு பவுண்டு எடைக்குச் சமமான விசை அழுத்தினால் அது ஒரு பவுண்டு-அடி. ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்தினால் ஒரு கிலோகிராம்-மீட்டர். நியூட்டன் என்பது ஏறத்தாழ 102 கிராம் எடையின் விசை. அது ஒரு மீட்டர் தூரத்தில் அழுத்தினால் ஒரு நியூட்டன்-மீட்டர்.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது கடினமன்று. ஒரு பவுண்டு 0.4536 கிலோ; ஓர் அடி 0.3048 மீட்டர். இவ்விரண்டையும் பெருக்கினால் 0.1383 கிலோகிராம்-மீட்டர் வரும். ஒரு கிலோ எடையின் விசை 9.807 நியூட்டன் ஆதலால், இதனை 9.807ஆல் பெருக்க 1.356 கிடைக்கும். ஆகவே ஒரு பவுண்டு-அடி என்பது 1.356 நியூட்டன்-மீட்டர். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.807 நியூட்டன்-மீட்டர், அல்லது 7.233 பவுண்டு-அடி.

இக்கணக்கின்படி அந்த இஞ்சினுக்கு வேண்டியது 72ஐ 1.356ஆல் பெருக்கிய 98 நியூட்டன்-மீட்டர். கிடைத்ததோ 72. நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. போல்ட்டுகள் ஹெட்டைப் போதிய அளவு இறுக்கிப் பிடிக்கவில்லை. கேஸ்கெட் தளர்ந்து கசிந்தது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 98 நியூட்டன்-மீட்டர் என்று கண்டதை, பவுண்டு-அடிச் சாவியில் 98 என்று வைத்தால் போல்ட்டின்மேல் 133 நியூட்டன்-மீட்டர் விழும். போல்ட் தன் மீள்தன்மையைக் கடந்து நீளும், மரை அழியும், சில வேளை ஒடிந்தே போகும்.

நெசவாளர் நண்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. 40ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு நிறுக்கும் என்பது பொருள். மெட்ரிக் முறையிலோ, ஒரு கிலோ நூலின் நீளம் எத்தனை கிலோமீட்டர் என்பதே நம்பர். பழைய 40, மெட்ரிக் முறையில் ஏறத்தாழ 68 ஆகிவிடும். எந்த முறையில் 40 என்று கேளாமல் நூல் வாங்குபவர் வேறு நூலைத்தான் வாங்கி வருவார்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் வந்தன. நியூட்டனை உள்ளிட்ட சர்வதேச அலகு முறை 1960இல் வகுக்கப்பட்டது. எனினும் பழைய இயந்திரங்களின் புத்தகங்கள் அவை அச்சான காலத்து அளவையே பேசுகின்றன. அவற்றை நாம் மாற்ற இயலாது; படிக்கும் வழக்கத்தை மாற்றலாம்.

நிர்வாகக் குழுவின் முன் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். புத்தகத்தோடு ஒப்பிடாமல் சாவியை வாங்கியது சங்கம். அலகைப் படிக்கக் கற்றுக்கொடுக்காததும் சங்கமே. அப்பொறுப்பை ஓர் ஊழியரின் சம்பளத்தில் ஏற்றுவது முறையாகாது என்று நம் கருத்தைத் தெரிவித்தோம். குழுவினர் சற்று நேரம் விவாதித்தபின் பிடித்தத் தீர்மானத்தை ரத்து செய்து, செலவைப் பராமரிப்புக் கணக்கில் சேர்த்தனர்.

இயந்திரங்கள் வைத்திருக்கும் சங்கங்களுக்கு நாம் கூற விரும்புவது இது: சாவி வாங்கும்போது, இரண்டு அளவுகளும் பொறித்ததாகக் கேட்டு வாங்குங்கள். மாற்றுக் கணக்கை எழுதிக் கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். பணிப் பதிவேட்டில் எண்ணை எழுதும்போது அலகையும் சேர்த்தே எழுதுங்கள். மாற்றியது சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்றும் உண்டு. பவுண்டு-அடி எண்ணுடன் அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். விடை அதற்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். 72உடன் 24 சேர்ந்தால் 96. ஆகவே 98 பொருந்தும்.

அச்சங்கத்திற்கு மீண்டும் சென்றபோது டிராக்டர் வயலுக்குப் போயிருந்தது. கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பின்மேல் மெக்கானிக் தம் கையாலேயே எழுதியிருந்தார்: 72 பவுண்டு-அடி, 98 நியூட்டன்-மீட்டர்.