ஏவுகணைக்கும் கணக்கு உண்டு

2018 மார்ச் 13. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையைத் தாக்கல் செய்தது. குழுவின் தலைவர் பி.சி.கந்தூரி ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்து ஓய்வுபெற்றவர், ஆளும் பா.ஜ.க. எம்.பி. ராணுவத் துணைத் தலைமைத் தளபதி சரத் சந்த் குழுவின் முன் சொன்னது அறிக்கையில் அப்படியே இருந்தது: ராணுவத் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் இன்றைய தரத்தவை, 8 சதவீதம் மட்டுமே அதிநவீனமானவை. நவீனமயமாக்க ஒதுக்கப்பட்டது 21,338 கோடி ரூபாய். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியே 29,033 கோடி!

மறுநாள் நடந்ததுதான் வேதனை. அமளிக்கு நடுவே எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் மக்களவை விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றியது. பாதுகாப்புக்கான கோரிக்கையும் அதில் அடக்கம். அந்த ஆண்டு செப்டம்பரில் கந்தூரிக்குப் பதிலாக கல்ராஜ் மிஸ்ரா குழுவின் தலைவரானார்.

நம் பணம், நம் பட்டறை

இதற்கும் சேலம், நாமக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்? 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 4,860 ரூபாய்க்கு மேல் வருகிறது. லாரிக்கு டீசல் போடும் நாமக்கல்காரரும் சேலத்து வெள்ளிப்பட்டறைத் தொழிலாளியும் கட்டும் வரி இதில் இருக்கிறது.

எதிர்பார்ப்பும் இருக்கிறது. 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. லாரி பாடி கட்டும் நாமக்கல்லுக்கும், ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்கும் ஆர்டர் வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால், ஆர்டர் கேட்பதோடு ஒரு எம்.பி.யின் கடமை முடிந்துவிடாது. வாங்கிய ஆயுதம் வேலை செய்கிறதா என்று கேட்பதும் அவர் வேலைதான்.

இருபதில் ஆறு

அப்படிக் கேட்க முடியும் என்பதற்கு ஆகாஷ் ஏவுகணையே சாட்சி. 2017 ஜூலையில் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2014-ல் சோதித்துப் பார்த்த 20 ஏவுகணைகளில் 6 தோற்றுப்போனதாகவும், நிறுவ வேண்டிய ஆறு இடங்களில் ஒன்றில்கூட நிறுவி முடிக்கவில்லை என்றும் அது சொன்னது. விலையில் 95 சதவீதம் அதற்குள் கொடுக்கப்பட்டிருந்தது. 2025 மே மாதம், சிந்தூர் நடவடிக்கையின்போது பாகிஸ்தானின் தாக்குதல்களைத் தடுத்ததில் ஆகாஷுக்குப் பங்குண்டு என்று அரசு அறிவித்தது. குறையைப் பொதுவில் சொன்னதால் அந்த ஏவுகணையின் பலம் குன்றிவிடவில்லை.

ராணுவ ரகசியம் என்று வாயடைப்பதும் பொருந்தாது. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 உறுப்பினர்கள் கொண்ட நிலைக்குழு மூடிய அறையில்தான் கூடுகிறது. ரகசியத்தை அங்கே காக்கலாம். அதற்காகக் கேள்வியைக் கைவிடக் கூடாது.

படையையும் நாடாளுமன்றத்தையும் நன்கறிந்த மண் இது. 1966 முதல் 1969 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பி.பி.குமாரமங்கலம், திருச்செங்கோடு அருகே உள்ள குமாரமங்கலத்துக் குடும்பத்தவர். அவர் தந்தை சுப்பராயன் திருச்செங்கோட்டின் எம்.பி.யாக இருந்தவர்; தம்பி மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலத்தின் எம்.பி.யாக இருந்தவர். சீருடை அணிந்தவருக்கும் வாக்குப் பெற்றவருக்கும் தனித்தனிப் பொறுப்பு உண்டு என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை நம் எம்.பி. ஊருக்கு வரும்போது, சாலையும் ரயில் நிறுத்தமும் கேட்கும் மனுவோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொடுப்போம். பாதுகாப்பு மானியம் இந்த ஆண்டு அவையில் விவாதிக்கப்பட்டதா? தணிக்கையில் சொன்ன குறைகளுக்கு அமைச்சகம் என்ன பதில் தந்தது? வாங்கியவை எல்லைக்குப் போய்ச் சேர்ந்தனவா? எல்லையில் நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையின் உயிர் இந்தப் பதில்களைப் பொறுத்தது. கேட்காமல் இருப்பதை தேசபக்தி என்று நினைத்துவிடக் கூடாது.